ஜெனரேட்டருக்கு மொய் எழுதாதீங்க மக்களே!

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் வசூல் ஆரம்பிச்சாச்சு. ஷார்ஜா, மஸ்கட், தோஹா, சிங்கப்பூர்னு சிதறிக் கிடக்கிற வட்டவடைக்காரங்க எல்லாம் தலைக்கு இவ்வளவுன்னு போடணுமாம். எதுக்குன்னு பட்டியல் போட்டிருந்தாங்க. பந்தல், பூ, அன்னதானம், அப்புறம் 'டிஜே செட்'. அதுக்கு அடுத்த வரி 'ஜெனரேட்டர், டீசல், லாரி வாடகை'.

இந்தக் கடைசி வரிக்கு நான் ஒரு பைசா தரமாட்டேன். நீங்களும் தராதீங்க. ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். "வெளிநாட்டுக்குப் போய் ஏசி ரூமில் உட்கார்ந்ததும் இவருக்கு ஊர்ப்பாட்டு பிடிக்காமல் போய்விட்டது" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். திருவிழாவுக்குப் பாட்டு வேண்டும். பொங்கலுக்குப் பையன்கள் ஆட வேண்டும். டிஜேவும் வரட்டும், தப்பே இல்லை. என் கட்சி இவ்வளவுதான்: அதைப் பேட்டரியில் ஓட்டுங்கள். பேட்டரியில் ஓடாத சத்தம் நம்ம ஊருக்கு வேண்டாத சத்தம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு

மூணாறிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் தாண்டி, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் காட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தால் எங்க ஊர். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. கேரளாவில் இருக்கிறது, பேச்சு தமிழ். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ் விளைகிற மலைச்சரிவு. காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பக்கம் பாம்பாடும் சோலை, இன்னொரு பக்கம் 2006-ல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயம். சுற்றி முதுவான் குடிகள். காட்டெருமை, யானை எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் மனசில் கொண்டு வாருங்கள். ஒரு பெரிய கிண்ணம். கிண்ணத்தின் உள்பக்கம் முழுக்கப் படிக்கட்டு மாதிரி வயல்கள், நடுவில் வீடுகள். ஒரு சரிவில் யாராவது கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் கேட்கும். இதில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. மலைப்பள்ளத்தாக்கில் ராத்திரி ஆனால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து விடும், மேலே இருக்கும் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் மேலே போகிற சத்தம் வளைந்து மறுபடி கீழேயே இறங்கும். பகலில் எட்டாத சத்தம் ராத்திரியில் வெகுதூரம் எட்டுவதற்கு ஊர் அமைதியாக இருப்பது பாதிக் காரணம், இது மீதிக் காரணம். தேனியிலும் உடுமலையிலும் மைதானத்தில் வைக்கிற ஸ்பீக்கர் கோபுரத்தை அப்படியே லாரியில் ஏற்றி இந்தக் கிண்ணத்துக்குள் வைத்தால் என்ன ஆகும்? ராத்திரி கதவைச் சாத்திப் படுத்தாலும் தலையணைக்கு அடியில் 'டம் டம்' என்று அடிக்கும். அதுதான் ஆகிறது.

பேட்டரி என்ன புதுசா?

"பேட்டரில டிஜேயா? விளையாட்டு சாமானா?" என்று ஒரு தம்பி குரூப்பில் சிரித்திருந்தார். தம்பி, உங்க தாத்தா காலத்தில் மைக் செட் வந்ததே பேட்டரியோடுதான்.

கரண்ட் இல்லாத ஊர்களுக்கு மைக் செட்காரர் எதைக் கொண்டு வந்தார்? ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்ட் பிளேயர், ரெண்டு புனல் ஸ்பீக்கர், ஒரு கார் பேட்டரி. டெல்லியில் செய்கிற அஹுஜா ஆம்ப்ளிஃபயர்களில் பல மாடல்களின் பின்பக்கத்தில் இன்றைக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு என்று தனி இணைப்பு இருக்கிறது. தேர்தல் நேரத்தில் தெருத்தெருவாக அலறிக்கொண்டு போகிற ஆட்டோக்களுக்குப் பின்னால் யாரும் ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டு போவதில்லை. எல்லாம் பேட்டரிதான்.

அந்தக் காலத்து முப்பது வாட் ஆம்ப்ளிஃபயர் எப்படி ஊருக்கே கேட்டது? புனலில்தான் சூட்சுமம். அந்தக் கூம்பு வடிவம், உள்ளே கொடுக்கிற ஒவ்வொரு வாட்டையும் வீணாக்காமல் சத்தமாக மாற்றும். இன்றைய பெட்டி ஸ்பீக்கரை விட அதே வாட்டுக்குப் பத்து மடங்கு திறமை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் 'பேஸ்' வராது. நாதஸ்வரம் வரும், பாடகர் குரல் வரும், நெஞ்சில் குத்துகிற 'டம்' வராது. காதைக் கிழிக்கிறது என்பதால் தமிழ்நாட்டில் கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடையே போட்டார்கள். அது சரியான தடைதான், அதைத் திரும்பக் கொண்டு வா என்று நான் கேட்கவில்லை. நான் சொல்ல வருவது, ஊருக்குப் பாட்டுக் கேட்பதற்கு ஆகிற மின்சாரம் ரொம்பக் கொஞ்சம். மீதி எல்லாம் அந்த 'டம்'முக்குத்தான் போகிறது. ஜெனரேட்டர் வருவது பாட்டுக்காக இல்லை ஐயா, பேஸுக்காக.

டெசிபல் கணக்கு (காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன், பயப்படாதீர்கள்)

சத்தத்தின் கணக்கு நம்ம வட்டிக் கணக்கு மாதிரி நேர்கோட்டில் போகாது. வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு 'கொஞ்சம் ஏத்தியிருக்கான் போல' என்று தோன்றும், அவ்வளவுதான். நம் காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்கு ஆக வேண்டும்.

அதாவது ஆயிரம் ரூபாய் போட்டு ஒரு பங்கு சந்தோஷம் வாங்கினீர்கள். ரெண்டு பங்கு சந்தோஷத்துக்குப் பத்தாயிரம் போடணும். மூணாவது பங்குக்கு... லோன்தான் போடணும். :-) எந்த பேங்க்கும் இந்த புராஜெக்ட்டுக்குக் கடன் கொடுக்காது.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆடுகிற இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து பத்து மீட்டரில் 90 டெசிபல் என்று வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் பேச முடியும் என்கிற சத்தம். ஆடுவதற்கு இது தாராளம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பே சராசரியாக 100 டெசிபல்தான்.

இந்த 90 டெசிபல் எவ்வளவு தூரம் போனால் 55-க்கு இறங்கும்? சுமார் 560 மீட்டர்.

ஏன் 55 என்கிறேன்? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45. ராத்திரி வரம்புக்கு இறங்க வேண்டுமானால் அதே சத்தம் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் போக வேண்டும்!

இது சின்ன செட்டின் கணக்கு. பத்து மடங்கு வாட்டோடு ஜெனரேட்டர் செட் வந்தால் 100 டெசிபல். அப்போது பகல் வரம்புக்கு இறங்கவே ஒன்றே முக்கால் கிலோமீட்டர். ராத்திரி வரம்புக்கு ஐந்தரை கிலோமீட்டர். சுவர், மரம், மேடு பள்ளம் எல்லாம் கொஞ்சம் தின்னும் என்பது உண்மை. ஆனால் பேஸ் சத்தத்தை அவை அதிகம் தின்னாது. நம்ம ஊரில் கோயிலிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பிரசவம் ஆகி பத்து நாள் ஆன வீடு, ஆஸ்துமாவில் உட்கார்ந்தே தூங்குகிற பெரியவர், மார்ச்சில் எஸ்எஸ்எல்சி எழுதப் போகிற பிள்ளை... எல்லோரும் அந்தக் கிண்ணத்துக்குள்தான்.

சரி, பேட்டரி தாங்குமா?

இதுதான் உண்மையான கேள்வி. வாங்க, நோட்டை எடுங்க.

முதலில் ஸ்பீக்கர் மேல் ஒட்டியிருக்கும் '1000 வாட்ஸ்' ஸ்டிக்கரை மறந்து விடுங்கள். ஒரு காலத்தில் பர்மா பஜார் செட்டுகளில் 'பிஎம்பிஓ 5000 வாட்ஸ்' என்று எழுதியிருக்குமே, அதற்கு இது தூரத்துச் சொந்தம். அது கணநேர உச்சம். பாட்டு என்பது தொடர்ந்து ஒரே அளவில் ஓடுவது இல்லை. மேளம் விழுகிற நொடியில் உச்சம், நடுவில் பள்ளம். ஆம்ப்ளிஃபயர் செய்பவர்களே கரண்ட் இழுக்கிற அளவைச் சொல்லும்போது முழுத்திறனில் எட்டில் ஒரு பங்கை வைத்துத்தான் சொல்கிறார்கள். அதனால் ஆயிரம் வாட் பெட்டி, நன்றாக அலறும்போதும் சராசரியாக இழுப்பது 150 வாட் பக்கம்.

இப்போது செட் போடுவோம்:

மேல் ஸ்பீக்கர் ரெண்டு: 300 வாட்
பேஸ் பெட்டி ஒன்று (ஒன்றே ஒன்று!): 250 வாட்
லேப்டாப், டிஜே மிக்ஸர்: 100 வாட்
எல்ஈடி விளக்குகள்: 100 வாட்

மொத்தம் 750 வாட். சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை நாலு மணி நேரம். 3 யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் சுமார் 3.4 யூனிட்.

51.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 5.12 யூனிட் அடங்கும். அதில் எண்பது சதவீதம்தான் எடுப்போம் என்று கட்டுப்பாடு வைத்தாலும் 4.1 யூனிட். வேலை முடிந்து மிச்சமும் இருக்கிறது. எடை ஐம்பது கிலோவுக்குள். ரெண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு போய்விடலாம், லாரி வேண்டாம். மறுநாள் மறுபடி சார்ஜ் ஏற்ற ஆகும் கரண்ட் செலவு ஒரு பிரியாணி விலை கூட வராது.

இதில் எல்லாவற்றையும் பேட்டரியே சுமக்க வேண்டும் என்று கூட இல்லை. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு முறையாக வாங்கலாம். லைன் இருக்கும்வரை லைனில் ஓடும். போனால் கண் இமைக்கும் நேரத்தில் பேட்டரி எடுத்துக்கொள்ளும். ஜெனரேட்டரில் என்ன நடக்கும்? லைன் போகும், லேப்டாப் மட்டும் பல்லைக் காட்டும், மிக்ஸர் அணையும், ஒருத்தர் இருட்டில் ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணுவார், எல்லாம் முதலிலிருந்து. பாதிப் பாட்டில் நிற்பது பேட்டரியில் இல்லை ஐயா, ஜெனரேட்டரில்தான்.

ஜெனரேட்டரின் பேலன்ஸ் ஷீட்

25 கேவிஏ ஜெனரேட்டரைக் கொண்டு வந்து நிறுத்தி ஒரு கிலோவாட் வேலை வாங்குவது, ஒரு மூட்டை பூண்டு ஏற்ற டாரஸ் லாரி பிடிப்பது மாதிரி. இஞ்சின் சும்மா சுற்றுவதற்கே டீசல் குடிக்கும். குறைந்த சுமையில் ரொம்ப நேரம் ஓடினால் டீசல் முழுசாக எரியாமல் கரியும் புகையுமாகக் கக்கும். மேலே ஏற ஏறக் காற்று மெலிவதால் திறனும் குறையும். எரிகிற ஒவ்வொரு லிட்டர் டீசலும் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு.

அதன் சொந்தச் சத்தம் வேறு. 2005-லிருந்து செய்யப்படும் ஜெனரேட்டர்கள் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. வாடகைக்கு வருகிற பழைய வண்டிகள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ஓடும்போது அந்த விதி எங்கே? அந்தச் சத்தத்தை அமுக்க டிஜே வால்யூமைக் கூட்டுகிறார். சத்தத்துக்காகக் கொண்டு வந்த இயந்திரத்தின் சத்தத்தை மறைக்க இன்னும் சத்தம். இந்த வட்டத்துக்குத்தான் நாம் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அனுப்புகிறோம்.

டீசல் காசு பெரிசில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லி விடுகிறேன். ஆறு மணி நேரம் ஓடினால் பன்னிரண்டு லிட்டர் என்று வையுங்கள், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். பணம் போவது வாடகையில். வண்டி மலை ஏறி வர, ரெண்டு நாள் நிற்க, ஆளுக்குச் சாப்பாடு, படி, திரும்பி இறங்க. எல்லாம் வருவாய்ச் செலவு. திருவிழா முடிந்த மறுநாள் கையில் ஒன்றும் இருக்காது, ரசீதைத் தவிர.

பேட்டரி என்பது சொத்து. பேட்டரி, நல்ல இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருக்கும் முப்பது குடும்பம் ஒரே ஒரு தடவை ஐயாயிரம் போட்டால் முடிந்தது. பத்து வருடத்துக்குத் தேய்மானம் போட்டால் வருடம் பதினைந்தாயிரம். இந்த வகை பேட்டரி இரண்டாயிரம், மூவாயிரம் தடவை சார்ஜ் ஏற்றி இறக்கத் தாங்கும். வருடம் இருபது நாள் திருவிழா என்றாலும் அது தேய்ந்து சாகாது, வயசாகித்தான் சாகும்.

மீதி முந்நூற்று நாற்பது நாள்? அங்கேதான் விஷயமே இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் போவது நம்ம பக்கத்தில் செய்தியே இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு துண்டிக்கப்பட்டுக் கிடந்தபோது வெளிநாட்டில் இருந்த நாம் எல்லோரும் என்ன செய்தோம்? போனைப் போட்டுப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பக்கம் போனில் சார்ஜ் இல்லை. ஐந்து யூனிட் பேட்டரி ஒன்று ஊரில் இருந்தால் முந்நூறு நானூறு போனுக்கு ஒரு தடவை சார்ஜ் ஏற்றலாம். நெபுலைசர் ஓட்டலாம், நாலு பல்பு எரிக்கலாம். திருவிழாவுக்கு வாங்கிய பேட்டரி பேரிடருக்கு உதவும். திருவிழாவுக்கு வாடகைக்கு வந்த ஜெனரேட்டர் அன்றைக்கு வேறு எங்கோ வேறு கல்யாணத்தில் நிற்கும்.

"ஆனாலும்..." என்பவர்களுக்கு

"பெரிய டிஜேக்கள் ஒத்துக்க மாட்டாங்க." ஏன் மாட்டாங்க? கோல்ட்ப்ளே குழு 2022-ல் உலகம் சுற்றக் கிளம்பியபோது பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து, கார் பேட்டரிகளை வைத்துச் செய்த மேடை பேட்டரியோடுதான் கிளம்பியது. 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மாசிவ் அட்டாக் குழு ஆயிரக்கணக்கானோர் கூடிய முழுநாள் நிகழ்ச்சியையே பேட்டரியில் நடத்தியது. அவர்களுக்கு ஒத்து வருவது கோயில் திடலில் ரீமிக்ஸ் போடுகிறவருக்கு ஒத்து வராதா? அவர் பிறந்த கலையே அப்படித்தான் பிறந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1970-களில் பையன்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் எடுத்து ஓட்டிய பார்ட்டிகளில் வளர்ந்ததுதான் இன்றைய டிஜே சமாச்சாரம். (நம்ம ஊரில் கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135. உள்ளே தள்ளி விடுவார்கள், அதற்கு முன்னால் உயிரே போய் விடலாம்.)

"திருவிழான்னாலே சத்தம்தானே, நம்ம பாரம்பரியமாச்சே." பறை, உருமி, தவில், நாதஸ்வரம்... இவற்றுக்கு எந்த பிளக் பாயிண்ட் வேண்டும்? நம்ம பாரம்பரியம் முழுக்க மனுஷ மூச்சிலும் கைச் சூட்டிலும் ஓடியது. கைவலித்தால் நிற்கும். அதுவும் ஒரு பேட்டரிதான். :-) நிற்கத் தெரியாத சத்தம் ஜெனரேட்டரோடு வந்தது.

"ஒரு நாள்தானே, பொறுத்துக்கட்டும்." யார் பொறுத்துக்கணும்? சண்டை போடத் தெம்பு இருப்பவன் கமிட்டியில் இருக்கிறான். தெம்பில்லாதவர்தான் பொறுத்துக்கொள்கிறார். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது: நிம்மதியாக, சத்தத் தொல்லையில்லாமல் வாழ்வதும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம். விருப்பமில்லாதவர் காதில் ஒலிபெருக்கி வைத்து ஊத யாருக்கும் உரிமை கிடையாது. மதக் காரியத்துக்கும் இதே நியாயம்தான். சென்னையில் ஒரு தேவாலய ஒலிபெருக்கி வழக்கில் 2000-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோயில், பள்ளி, தேவாலயம் எதற்கும் விலக்கு இல்லை. பத்து மணிக்கு மேல் பன்னிரண்டு வரை என்றால் மாநில அரசு அனுமதிக்க வேண்டும், அதுவும் வருடத்தில் பதினைந்து நாளுக்கு மேல் கிடையாது.

இதில் எனக்குக் கோபம் வருவது ஒரு இடத்தில்தான். வளைகுடாவில் ஃப்ளாட்டில் இருக்கும்போது பத்து மணிக்கு டிவி வால்யூமைக் குறைக்கிறோம். பிள்ளை பிறந்தநாளுக்கு பாட்டுப் போட்டால் "மேல் வீட்டுக்காரன் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுடப் போறான், குறைப்பா" என்கிறோம். அந்நியன் தூக்கத்துக்கு அவ்வளவு மரியாதை. அதே நாம், சொந்த அத்தையும் பெரியப்பாவும் தூங்குகிற ஊருக்கு ராத்திரி ரெண்டு மணி வரை ஓடுகிற செட்டுக்குப் பணம் அனுப்புகிறோம். அனுப்பிவிட்டு வீடியோ காலில் பார்த்து "சூப்பர்டா மாப்ளே" என்கிறோம். போனில் பேஸ் கேட்காது. கேட்பது அவர்களுக்குத்தான்.

பேட்டரிக்காரர்களுக்கும் ஒரு கொட்டு

பேட்டரி வந்தால் எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. ஜெனரேட்டரிடம் ஒரே ஒரு நல்ல குணம் இருந்தது. அதைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போக முடியாது. இப்போது கையில் பிடித்துத் தூக்குகிற 'பவர் ஸ்டேஷன்' வந்து விட்டது. டென்ட் அடித்து, நெருப்பு மூட்டி, புளூடூத் ஸ்பீக்கரில் நடுராத்திரி ஆட்டம் போட மலைக்கு வருகிற டூரிஸ்ட் கூட்டத்துக்கு அது வரப்பிரசாதம். காட்டெருமைக்கும் யானைக்கும் அதில் யார் மொய் வைத்தார்கள்? ஒலி மாசு விதி பேட்டரியா டீசலா என்று கேட்காது, டெசிபலைத்தான் கேட்கும். குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030. அன்றைக்கு வரப்போகிற கூட்டத்தின் கையில் எல்லாம் பேட்டரி இருக்கும். பஞ்சாயத்து இன்றைக்கே ஒரு முடிவு எடுக்கவில்லை என்றால் அன்றைக்குப் பூ பார்க்கக் காது பொத்திக்கொண்டு போக வேண்டி வரும்.

அதனால் பேட்டரியோடு கடிகாரமும் வேண்டும். பத்து மணிக்கு ஸ்விட்ச் ஆஃப். நான் சொன்ன கணக்கில் பேட்டரியின் அளவை வேண்டுமென்றே நாலு மணி நேரத்துக்கு மட்டும் போட்டதற்குக் காரணம் அதுதான். ஓவர் டிராஃப்ட் வசதி இல்லாத கணக்கு மாதிரி. இருப்பு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. கமிட்டியில் யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

1. இங்கிருந்து விமானத்தில் கொண்டு போகலாம் என்று கனவு காணாதீர்கள். லித்தியம் பேட்டரி 100 வாட் அவர் வரை கைப்பையில் அனுமதி. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அதற்கு மேல் பயணியாகக் கொண்டு போக முடியாது. நாம் பேசுவது 5000-க்கு மேல்! பவர் பேங்க்கைக் கூட லக்கேஜில் போடக்கூடாது. ஊரிலேயே, பில்லோடு, வாரன்டியோடு வாங்குங்கள்.

2. இன்வெர்ட்டர் 'ப்யூர் சைன் வேவ்' ஆக இருக்கட்டும். விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டரில் ஸ்பீக்கர் 'ங்ங்ங்' என்று முனகும், சில சாதனங்கள் சூடாகிக் கெடும்.

3. பழைய ஆட்டோ ரிக்ஷா பேட்டரியைப் பிரித்து ஒட்டுப்போட்ட பேக் வேண்டவே வேண்டாம். உள்ளே பாதுகாப்புச் சுற்று, வெளியே சரியான ஃபியூஸ், ரெண்டும் இருக்க வேண்டும்.

4. நம்ம ஊர்க் குளிரை மறக்காதீர்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் பனி உறைகிற பக்கம் அது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகக் கெடும். பொங்கலுக்கு ஓட்டிவிட்டு ராத்திரி வெளியில் போட்டு, விடியற்காலை அப்படியே சார்ஜ் போடாதீர்கள். வீட்டுக்குள் வைத்து, வெயில் வந்த பிறகு போடுங்கள்.

5. ஏற்கெனவே இருக்கும் ஈய அமில பேட்டரியில் ஓட்டுவதானால் பாதி வரைதான் இறக்கலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், மூடிய அறையில் வைக்காதீர்கள், பக்கத்தில் சூடம் கொளுத்தாதீர்கள்.

6. ஊர்வல வண்டியில் ஸ்பீக்கரை மாடி மாடியாக அடுக்காதீர்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேரின் உச்சி உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டுப் பதினொரு பேர் செத்தார்கள். பேட்டரி தரையில் இருந்தாலும் கம்பி மேலேதான் இருக்கிறது.

ஆக, கமிட்டிக்கு என் விண்ணப்பம் இது. பட்டியலில் 'ஜெனரேட்டர், டீசல், லாரி வாடகை' என்ற வரியை அடித்துவிட்டு 'ஊர்ப் பொது பேட்டரி' என்று எழுதுங்கள். திருவிழா தவிர்த்த நாட்களில் அது எங்கே இருக்கும், யார் பொறுப்பு, சாவி யாரிடம், முதுவான் குடிகளுக்கு அவசரம் என்றால் எப்படிக் கொடுப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கணக்குப் புத்தகத்தை நான் இங்கிருந்தே எழுதித் தருகிறேன், அது நமக்குத் தெரிந்த தொழில். அப்படி எழுதினால் என் பங்கு ஐயாயிரம் இல்லை, பத்தாயிரம். பழைய வரியே இருந்தால் அன்னதானத்துக்கு மட்டும் என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: நான் எலக்ட்ரீஷியன் இல்லை. மேலே போட்டது செலவுக் கணக்கு போடும் அளவுக்கான கணக்கு. வயர் இழுக்கும்போது லைசென்ஸ் உள்ளவரை வைத்து இழுங்கள். வால்யூம் குமிழுக்கு லைசென்ஸ் தேவையில்லை, கொஞ்சம் மனசு இருந்தால் போதும்.